பதினேழாம் நம்பர், நார்மல்

எங்கள் தெருவில் அவளைக் கண் டாக்டர் என்றுதான் சொல்வார்கள். அவள் டாக்டர் இல்லை. வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும், "நான் டாக்டர் இல்லைங்க, ஆப்டோமெட்ரிஸ்ட். கண்ணைச் சோதிச்சு கண்ணாடி எழுதிக் கொடுப்பேன், அவ்வளவுதான்" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க டாக்டர்" என்பார்கள். நானும் அவளை வெறுப்பேற்றுவதற்காகவே டாக்டரம்மா என்று கூப்பிடுவேன்.

என் தையல் கடைக்கும் அவள் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நான் திரும்பிப் பார்ப்பேன். பதினான்கு வருஷமாக அந்தக் குடும்பத்தின் நல்லது கெட்டது எல்லாம் என் காதில் விழுந்துதான் போயிருக்கிறது. ஒட்டுக் கேட்கிறாள் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். காதைப் பொத்திக்கொண்டு பட்டன் தைக்க முடியுமா?

முன்னறையில் அவள் கண் பார்ப்பாள். பின்னறையில் அவள் புருஷன் லென்ஸைச் சாணை பிடித்து ஃபிரேமுக்குள் பொருத்துவார். அவருக்குப் பெயரே கண்ணாடிக்காரர்தான். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், அதனால் எனக்குத் தம்பி. சக்கரத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பிடிப்பார். மயிரிழை கூடினால் ஃபிரேமில் ஏறாது, குறைந்தால் கழன்று விழும். அவர் பொருத்தியது கழன்று விழுந்தது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. எனக்கு ஊசியில் நூல் கோர்க்க வராத நாட்களில் தடுப்புக்கு மேலே ஊசியை நீட்டுவேன். கோர்த்துத் திரும்பி வரும். அப்படிப்பட்ட கண் என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளிடம் ஒரு லாரி டிரைவர் வந்தார். அதற்கு முன்பும் வந்தவர்தான். இந்தத் தடவை மனைவி கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் குளுக்கோமா என்று சொல்லிவிட்டார்களாம். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிற நோய். வலிக்காது. ஓரப் பார்வையைத்தான் முதலில் தின்னும், நடுப்பார்வை கடைசி வரைக்கும் பளிச்சென்று இருக்கும். போனது போனதுதான், திரும்பாது. அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"என்கிட்ட நாலு தடவை வந்தாருக்கா. நாலு தடவையும் கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சார். நானும் கண்ணு சூப்பர்னு அனுப்பி வச்சேன். எனக்குப் பாக்கத் தெரியலக்கா."

"நீ என்னடி பண்ணுவ? ஆஸ்பத்திரிலயே கண்டுபிடிக்கத் திணறுவாங்கன்னு நீதானே சொல்ற."

"கண்ணாடி எழுதிக் கொடுத்துக்கிட்டே காலத்த ஓட்டச் சொல்றீங்களா?" என்றாள். கோபம் என் மேல் இல்லை.

அப்படித்தான் அந்த வெளிநாட்டுப் படிப்பு வந்து சேர்ந்தது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற மேல்படிப்பு, இரண்டு வருஷம். பாடம் எல்லாம் கம்ப்யூட்டரில் வரும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பத்து நாள் அங்கே போய், ஆஸ்பத்திரியில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும். அவர்களுக்குச் சாயங்காலம் என்றால் நமக்கு விடிகாலை. ஐந்து மணிக்கே கடைக்கு வந்து விளக்கைப் போட்டுவிடுவாள். வீட்டில் பெண் தூங்குகிறாளே என்று கடையில் உட்கார்ந்து படிப்பாள். நான் ஷட்டரைத் தூக்கும்போது காதில் அந்த வயரை மாட்டிக்கொண்டு கண் சிவந்து உட்கார்ந்திருப்பாள். பகலில் ஆள் இல்லாத நேரம், சாப்பிடுகிற நேரம், எல்லாம் பாடம்தான்.

தம்பி வீட்டு வேலையை அப்படியே தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டார். சோறு வைப்பார், பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவார், வந்து சாணையில் உட்காருவார். கடைக்கு வருகிறவர்கள் ஃபிரேம் விலை கேட்டால்கூட, "எம் பொண்டாட்டி வெளிநாட்டுல மேல்படிப்பு படிக்கிறா" என்றுதான் ஆரம்பிப்பார். "தம்பி, அவங்க கேட்டது கறுப்பு ஃபிரேம் இருக்கான்னு" என்று நான் இந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பேன்.

இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் முப்பது பேருடைய கண்ணைச் சோதித்து எழுதி அனுப்பச் சொன்னார்கள். இருபது பேர் நோய் உள்ளவர்கள், பத்துப் பேர் நார்மல். நோயாளிகள் கிடைத்தார்கள். நார்மல் ஆள்தான் கிடைக்கவில்லை. ஒன்றும் இல்லாதவன் எதற்குக் கால் மணி நேரம் மெஷினில் தலையைக் கொடுப்பான்? அவள் என்னைக் கேட்டாள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், அறுபது சட்டை தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. "போடி வேலையத்தவளே" என்று சொல்லிவிட்டேன்.

அந்த மெஷினைப் பார்த்திருக்கிறேன். யாரோ பயன்படுத்திக் கழித்ததை வாங்கி வந்தாள். உள்பக்கம் வெள்ளையாக ஒரு பெரிய கிண்ணம். அதன் முன்னால் தாடையை வைத்து, ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வந்து போகும். தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். கண்ணை மட்டும் நகர்த்தவே கூடாது. கடைசியில் ஒரு காகிதம் வரும். தெரிந்த இடம் வெள்ளை, தெரியாத இடம் கறுப்பு. பழைய மெஷின் ஆனதால் கண் நகர்கிறதா என்று அதற்குத் தெரியாது. சோதிக்கிறவர்தான் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் குழாய் வழியாகக் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வேறு வழியில்லாமல் தம்பியைப் பிடித்து உட்கார வைத்தாள். முதல் தடவை என்ன நடந்தது என்பதை நான் பார்க்கவில்லை, கேட்டேன்.

"என்னங்க இது? பாதிக்கு மேல கறுப்பா வந்திருக்கு. தூங்கிட்டீங்களா?"

"இல்லம்மா. லைட்டு வந்தா அமுக்கச் சொன்ன. வந்தப்பல்லாம் அமுக்கினேன்."

"எங்க அமுக்கினீங்க? எண்பது லைட்டு வந்திருக்கு, முப்பதுகூட அமுக்கல. உங்களுக்கு விளையாட்டா இருக்கு. நான் ராத்திரி பகல் பாக்காம சாகுறேன், நீங்க கால் மணி நேரம் ஒழுங்கா உட்கார மாட்டீங்களா?"

காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. முதல் தடவை உட்காருகிறவர்களுக்குப் பழக்கம் இல்லாமல் அப்படி வருவது சகஜமாம், பாடத்திலேயே இருக்கிறதாம். பின்னால் சொன்னாள். அதனால் மறுநாள் மறுபடி உட்கார வைத்தாள். அன்று சத்தமே இல்லை. ஏனென்றால் அவள் காதில் அந்த வயர் இருந்தது, ஒரு பாடம் பாக்கி இருந்தது. அவரை மெஷினில் விட்டுவிட்டு இவள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதம் சுத்த வெள்ளையாக வந்தது. "பாருங்க, மனசு வச்சா வருதுல்ல?" என்றாள். தம்பி அன்று பூராவும் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். எனக்குக்கூட டீ வாங்கிக் கொடுத்தார்.

கண் அழுத்தம் பார்த்தாள், சரியாக இருந்தது. உள்ளே இருக்கும் நரம்பைப் படம் எடுத்தாள். குடும்பத்தில் யாருக்காவது கண் நோய் உண்டா என்ற இடத்தில் இல்லை என்று எழுதினாள். பதினேழாம் நம்பர், நார்மல் என்று போட்டு அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. தம்பி அந்த வருஷம் எல்லாவற்றிலும் இடித்துக்கொண்டார். வாசல் நிலையில் தோள் படும். ஸ்டூலை உதைப்பார். ஸ்கூட்டரை இரண்டு தடவை கேட்டில் மோதினார். மேஜை ஓரத்தில் வைத்த டீயைத் தட்டிவிடுவார். என் கடையில் தைத்து மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டை மேலேயே ஒரு நாள் தட்டிவிட்டார். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கத்தினேன். சிரித்தார். "வேலை ஜாஸ்திக்கா, தூக்கம் பத்தல" என்றார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஊசியில் நூல் மட்டும் அப்போதும் கோர்த்துக் கொடுத்தார்.

எட்டு மாதம் கழித்து அவள் மூன்றாவது தடவையாக வெளிநாடு போனாள். போய் ஐந்தாம் நாள், காலை, பேய் மழை. தெருவில் ஈ காக்கை இல்லை. நான் ஒரு ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"அக்கா, அவர் எங்க இருக்கார்?"

"பின்னாடி சாணையில. ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"கேள்வி கேக்காதீங்கக்கா. நான் சொல்றத மட்டும் செய்யுங்க. அவர எதிர்ல உட்கார வையுங்க. முழங்காலும் முழங்காலும் இடிக்கிற மாதிரி. இடது கண்ண உள்ளங்கையால மூடச் சொல்லுங்க. உங்க மூக்கையே பாக்கச் சொல்லுங்க. கண்ணு நகருதான்னு நீங்க பாத்துக்கிட்டே இருக்கணும், நகர்ந்தா மறுபடி முதல்லேருந்து. கையில பளிச்சுன்னு ஏதாவது எடுத்துக்குங்க."

"அவர்கிட்டயே கேளேன்."

"அவர் எனக்காக நல்லா தெரியுதுன்னுதான் சொல்வார்" என்றாள். அதைச் சொல்லும்போது அழுதாள்.

துணியில் கோடு போடுகிற மஞ்சள் சாக்குக் கட்டியை எடுத்துக்கொண்டு போனேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தேன். தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "என்னக்கா, நீங்களும் படிக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார்.

"ஆமா, நான்தான் பாக்கி. என் மூக்கப் பாருங்க. இந்தச் சாக்கு ஓரத்துலேருந்து வரும். கண்ணுல பட்ட உடனே சொல்லணும்."

அவர் பார்த்தார். நான் சாக்கை அவர் வலது காதுக்குப் பக்கத்திலிருந்து மெதுவாக முன்னால் கொண்டுவந்தேன். எனக்கு அது எப்போதோ தெரிந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கன்னத்தைத் தாண்டியது. கண் நகரவில்லை, என் மூக்கின் மேலேயே நின்றது. பொறுமையாக, நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"ஆரம்பிங்கக்கா" என்றார்.

சாக்கு அவர் முகத்துக்கு எதிரே, அவர் பார்த்துக்கொண்டிருந்த என் மூக்கிலிருந்து நாலே விரல் பக்கவாட்டில் தள்ளி நின்றுகொண்டிருந்தது.

 கீழேயிருந்து கொண்டுவந்தேன், மேலேயிருந்து கொண்டுவந்தேன். கடைசி நிமிஷத்தில், "ஆங், வந்துருச்சு" என்பார். மற்றக் கண் கொஞ்சம் தேவலை. போனிலிருந்து மூச்சு மட்டும் கேட்டது.  "டாக்டரம்மா" என்றேன், எதற்கு அப்படிக் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை. "எனக்குப் புரிஞ்சிருச்சுக்கா" என்று வைத்துவிட்டாள்.

பாக்கி நாள் இருக்காமல் மறுநாளே விமானம் ஏறினாள். அங்கே நடந்ததை வந்த பிறகுதான் சொன்னாள். வகுப்பில் பேராசிரியர் அம்மா, எல்லோரும் அனுப்பிய படங்களைத் திரையில் போட்டுப் பேசிக்கொண்டு வந்தாராம். ஒரு நரம்புப் படம் வந்தது. பெயர் இல்லை, நம்பரும் இல்லை. "இந்தக் கண் எப்படி?" என்று கேட்டார். இவள்தான் முதலில் கை தூக்கினாள்.

"முத்தின குளுக்கோமான்னு சொன்னேன்க்கா. நரம்பு பூரா குழிஞ்சிருக்கு, அழுத்தம் சரியா இருந்தாலும் சில பேருக்கு இப்படி வரும்னு கடகடன்னு சொன்னேன். நல்லா கத்துக்கிட்டன்னு பாராட்டினாங்க. அப்புறம் கீழ இருக்கிற நம்பரக் காட்டினாங்க. பதினேழு. இத நார்மல்னு அனுப்பினது யாருன்னு கேட்டாங்க."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"படம் எடுத்தன்னைக்கும் அதே கண்ணுதான்க்கா. வேற யாரோட கண்ணா இருந்தாலும் ஒரு நிமிஷம் நின்னு பாத்திருப்பேன். இவர் கண்ணுதானேன்னு, வெள்ளக் காகிதம் வந்துருச்சேன்னு..." 

பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். பெஞ்சில் மூன்று மணி நேரம். ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்திருந்தேன், ஒருவரும் தொடவில்லை. டாக்டர் பெரியவர், குரலை உயர்த்தாமல் பேசினார். எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் எடுத்த படத்தையும் அன்று எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது ரொம்ப வருஷமாவே இருந்திருக்கு. ஆனா இந்த எட்டு மாசத்துல வேகமா இறங்கியிருக்கு. அப்பவே மருந்து ஆரம்பிச்சிருந்தா..." என்று நிறுத்தினார். அவர் நிறுத்தியிருக்க வேண்டாம். அவளுக்குப் பாக்கியும் தெரியும்.

"இருக்கிறது நிக்குமா சார்?" என்று நான் கேட்டேன்.

"சொட்டு மருந்து போடுவோம். தேவைப்பட்டா ஆபரேஷன். ஆனா இவ்வளவு தூரம் வந்த பிறகு நம்ம கையில இல்லம்மா. வண்டி ஓட்டக் கூடாது. சக்கரத்துல வேலை செய்யறதும் வேண்டாம். குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?"

"அப்பாவுக்குக் கடைசி காலத்துல கண்ணு தெரியாதுங்க" என்றார் தம்பி. "கையப் பிடிச்சுத்தான் கூட்டிட்டுப் போவோம்."

அவள் சட்டென்று திரும்பினாள். "சொல்லவே இல்லையே நீங்க?"

"நீ கேக்கலையேம்மா. வயசாச்சு, அதான்னு நெனச்சோம்."

கல்யாணத்துக்கு முன்பே செத்துப்போன மாமனார். வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் கேட்டு எழுதுகிறவள், தன் புருஷனிடம் மட்டும் கேட்கவில்லை. பரம்பரையாக வரக்கூடிய நோய், பெண்ணையும் அடுத்த வாரம் அழைத்து வரச் சொன்னார் டாக்டர். அதைக் கேட்டதும் தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. தன் கண்ணைப் பற்றிச் சொன்னபோதுகூட அவர் அப்படி ஆகவில்லை.

அந்த வாரம் பூராவும் மழை விடவில்லை. சாணைச் சத்தம் நின்றுபோன கடை எனக்குப் பிடிக்கவில்லை. லென்ஸ் எல்லாவற்றையும் வெளியே கொடுத்து வாங்கினாள். தம்பி பின்னறையில் ஃபிரேம்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். ஒரு நாள் சாயங்காலம் அவள் கேட்டாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டேன்.

"ரெண்டாவது தடவை எப்படிங்க எல்லா லைட்டையும் பிடிச்சீங்க?"

"தேடினேன்."

"என்ன தேடினீங்க?"

"ஒரு லைட்டு போன உடனே அடுத்தது எங்க வரும்னு கண்ண ஓட்டி ஓட்டித் தேடினேன். நடுவுல பாத்தா ஒண்ணும் தெரியல. நீ அந்தப் பக்கம் திரும்பிப் பாடம் கேட்டுக்கிட்டிருந்த. சரி, நம்மால உன் படிப்பு கெட வேண்டாம்னு..."

"கண்ண நகர்த்தக் கூடாதுன்னு சொன்னேனே!"

"சொன்னதான். ஆனா முதல் நாள் அவ்வளவு திட்டினியேம்மா."

"ஒண்ணும் தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். ஓரத்துல தெரியலன்னா, தெரியலன்னு எப்படித் தெரியும்?"

அவள் கத்தினாள். வார்த்தை இல்லை, வெறும் கத்தல். நான் ஓடினேன். கையில் கிடைத்த பாடக் காகிதம் எல்லாவற்றையும் தரையில் வீசிக்கொண்டிருந்தாள். தம்பி குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். காலுக்குப் பக்கத்தில் கிடந்ததைப் பொறுக்கினார், ஒரு முழம் தள்ளிக் கிடந்தது அவருக்குத் தெரியவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் என்று போனால் தள்ளிவிட்டாள். "நான்தான்க்கா குருடாக்கினேன், நான்தான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இல்லை என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் பொய் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

படிப்பை விட்டுவிட்டதாக எழுதி அனுப்பினாள். அந்தப் பேராசிரியர் அம்மா போன் செய்தார். இன்னும் மூன்று மாதம்தான், பதினேழாம் நம்பரை மட்டும் சரியாகச் சோதித்துத் திருத்தி அனுப்பு, உன்னைப் போன்றவள் விடக் கூடாது என்றாராம். முடியாது என்று சொல்லிவிட்டாள். அதைத் தம்பி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக்கு விடுமுறை. மழை விட்டு வெயில் அடித்தது. அவர் தானாகவே போய் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். என்னையும் வரச் சொல்லியிருந்தார்.

"வாம்மா. வந்து பாரு."

"வேண்டாங்க. எனக்கு அந்தப் படிப்பே வேண்டாம்."

"உனக்கு வேண்டாம்னா போகுது. நாளைக்கு நம்ம பொண்ணு கண்ண யாரு பாக்கறது? வேற எவனோவா?" என்றார். தாடையை மெஷினில் வைத்துக்கொண்டு, "இருக்கிறதுக்குள்ள பாத்துக்க. அடுத்த வருஷம் அமுக்கறதுக்கு லைட்டே இருக்காது" என்றார்.

அவள் வந்தாள். இடது கண்ணைக் கட்டினாள். காதில் வயர் இல்லை. குழாயில் கண்ணை வைத்துக்கொண்டு குனிந்து நின்றாள். நான் விளக்கை அணைத்தேன்.

மெஷின் ஓடியது. முதலில் டக் என்று பொத்தான் சத்தம் கேட்டது. பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. உள்ளே வெளிச்சம் வந்து வந்து போகிறது என்பது மட்டும் மெஷின் முனகலில் தெரிந்தது. எனக்கு அவர் தோளைத் தட்டி, "அமுக்குங்க தம்பி, வந்திருக்கும், அமுக்குங்க" என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. இன்னொரு டக். மறுபடி ஒன்றும் இல்லை. அவள் நிமிரவே இல்லை. குழாயில் வைத்த கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து அவள் மணிக்கட்டில் விழுந்தது, துடைக்கவும் இல்லை. துடைத்தால் அந்த ஒரு நொடி அவர் கண்ணைப் பார்க்க முடியாது.

மெஷின் நின்றது. காகிதம் மெல்ல வெளியே வந்தது. நடுவில் ஒரு பட்டன் அளவுக்கு வெள்ளை, மற்றது எல்லாம் கறுப்பு.

தம்பி தாடையை எடுக்கவில்லை. இன்னும் அந்த மஞ்சள் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சரியா பண்ணேனா?" என்று கேட்டார்.

அவள் குழாயிலிருந்து நிமிர்ந்தாள். 

"சரியா பண்ணீங்க" என்றாள். "ஒரு தடவகூடக் கண்ணு நகரலங்க."

"அப்ப இதயே அனுப்பிடு" என்றார் அவர். குரலில் அவ்வளவு நிம்மதி.